பீரோவில் ஒரு டி.சி.

“சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு போய்ச் சொல்லும் யோபு” என்று கிரவுண்ட் மார்க்கரை அனுப்பிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள் தங்கபுஷ்பம். மணி ஒன்று இருபது. பசிக்கத்தான் செய்தது. ஆனால் திறந்தால் தின்ன வேண்டும், தின்றால் முடிந்துபோகும், முடிந்துபோனால் வெளியே நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட வேண்டும். நிற்கட்டும். ஸ்போர்ட்ஸ் ரூம் ஜன்னலுக்கு நேர் எதிரே வேப்பமரம், மரத்தடியில் பன்னிரண்டரையிலிருந்து அப்பனும் மகளும். ஜன்னலை ஒருக்களித்து வைத்திருந்ததால் அப்பனின் வேட்டி மட்டும் தெரிந்தது, மகள் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது. அந்தப் பெண்ணின் டி.சி.யும் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் பீரோவில் இரண்டாவது தட்டில், பழுப்பு கவரில், மேலே ‘முப்பிடாதி, ஸ்ட்ரைக்கர், இடதுகால்’ என்று இவள் கையெழுத்தில். பீரோ சாவி கைப்பையில். கைப்பை மடியில். செலக்‌ஷன் முடிந்த சாயங்காலமே, பிள்ளைகளுக்கு வியர்வை காய்வதற்கு முன்னால், ஒரிஜினலை வாங்கிப் பூட்டிவிடுவது இருபத்தாறு வருஷப் பழக்கம். “பத்திரமா இருக்கட்டும்மா, பஸ்ஸுல கிஸ்ஸுல தொலச்சிருவ” என்று சொல்லித்தான் வாங்குவாள். பிசிகல் டைரக்டர் என்று கதவில் பலகை தொங்கவிட்டிருக்கிற எவரும் அப்படித்தான் வாங்குவார்கள். டி.சி. இல்லாமல் எந்தக் காலேஜும் சேர்க்காது, ஆகவே டி.சி. கையில் இருந்தால் ஆள் கையில். அந்த டி.சி.யைத்தான் இப்போது திருப்பிக் கேட்டு வந்து நிற்கிறார்கள். நான்குவழிச் சாலையில் முளைத்திருக்கிற அந்தப் புதுக் காலேஜில் சேரப் போகிறதாம் பிள்ளை. அங்கே அட்மிஷன் இன்றைக்கு நாலு மணியோடு சரி. இங்கிருந்து பஸ் பிடித்து, இறங்கி, கேட்டிலிருந்து ஆபீஸ்வரை நடந்து போக முழுசாய் ஒரு மணி நேரம் ஆகும். மூன்று மணிவரை இவள் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தால் போதும். உட்கார்ந்திருப்பது என்ன பெரிய வேலையா. பாளையங்கோட்டையில் பாதி அரசாங்கம் அப்படித்தான் நடக்கிறது.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? புல் இருக்கிறது. சரி, இருக்கட்டும். இங்கே செம்மண்ணும் சரளைக்கல்லும், விழுந்தால் முட்டி பெயரும், ஆனி மாசத்து மேல்காற்றில் பந்து ஒரு பக்கம் ஓடும், ஆள் ஒரு பக்கம் ஓடுவாள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள், அங்கே நிஜமாகவே பச்சையாக இருந்து தொலைக்கிறது. ஆனால் இந்த முப்பிடாதி என்ன புல்லிலா பிறந்தாள்? கடையநல்லூருக்கு மேற்கே ஏதோ ஒரு கவர்மென்ட் ஸ்கூலில், கருவேல முள் பொறுக்கிப் போட்டுவிட்டு ஆடினவள்தானே. புல்லைக் கண்டால் அவளுக்கு ஓடவா தோன்றும், ஆட்டை அவிழ்த்துவிடத்தான் தோன்றும். அப்புறம் முட்டை. அங்கே ஹாஸ்டலில் காலையில் இரண்டு முட்டை, புதனும் ஞாயிறும் கோழி. இங்கே ஒரு முட்டைக்கு இவள் நாலு பிரின்சிபால்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள், அந்த ஒன்றையும் வார்டன் பாதியாக நறுக்கி வைத்தபோது மெஸ்ஸுக்குள் போய்ச் சத்தம் போட, ‘ஃபுட்பால் புஷ்பம் மெஸ்ஸில் சண்டை போட்டாள்’ என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. யாருக்காகப் போட்டாள்? இந்தக் கழுதைகளுக்காகத்தான். போகட்டும். வேலை? இவள் கையால் பந்து பழகினவர்கள் பதினோரு பேர் போலீஸில் இருக்கிறார்கள், நாலு பேர் ரயில்வேயில், பி.டி. டீச்சர்கள் எத்தனை என்று இவளுக்கே ஞாபகம் இல்லை. யுனிவர்சிட்டி கப் ஒன்பது தடவை. அந்தக் காலேஜுக்கு வயசே ஏழு. ஆனால் கடைசி மூன்று கப்பும் அங்கே. அதைத்தான் பார்க்கிறார்கள். பிள்ளைகள் ஜெயிக்கிற பக்கம் போகும், ஈயும் அப்படித்தான் போகும். இல்லை, அதுவும் காரணமாக இருக்க முடியாது, அவர்கள் ஒரு தடவைகூட ஜெயிக்காத வருஷத்திலேயே நல்ல பிள்ளைகள் ரெண்டு பேர் அங்கே போனார்களே. அப்போது புல்லும் இல்லை, கட்டிடமே பாதி சாரத்தில் நின்றது. அப்போது எதைப் பார்த்துப் போனார்கள்? இந்த இடத்தில் வந்ததும் யோசனை முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது. நாலைந்து வருஷமாக இதே இடத்தில்தான் நிற்கிறது. இழுத்தால் கிழியும் என்று தெரிந்து விட்டுவிடுவாள்.

யோபு வந்து வாசலில் நின்றார். கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், இவள் சேர்ந்த வருஷத்திலிருந்து இருக்கிறவர், வாயைத் திறந்து அதிகம் பேசாத மனுஷன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. “இதக் குடுக்கச் சொன்னாவ மேடம். நீங்க குடுத்த ஸ்டட்ஸாம்.” பையை மேஜையில் வைத்துவிட்டு நின்றார். “அந்த ஐயா பரோட்டா மாஸ்டராம். குத்தாலத்துல சீசன் நேரமாம், ஒரு நாள்தான் லீவு குடுத்திருக்காங்களாம்.” “உம்மகிட்ட கதை சொல்லத்தான் வந்தாரா?” என்றாள். யோபு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பையைத் திறந்தால், செலக்‌ஷன் அன்றைக்கு இவள் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த ஃபுட்பால் ஷூ. போன வருஷம் சண்டை போட்டு வாங்கின நல்ல தோல் ஸ்டட்ஸ், அளவு ஐந்து, காலுக்குக் கச்சிதமாக இருக்கிறதா என்று இவளே குனிந்து விரல் நுனியை அமுக்கிப் பார்த்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறார்கள். தோல் விறைத்து, முன்னால் வளைந்து, இனி எவள் காலிலும் ஏறாது. தோலைத் தண்ணீரில் முக்கக்கூடாது என்பதுகூடத் தெரியாத ஜென்மங்கள். அடுத்தவர் பொருளைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். அழுக்கோடு கொடுத்திருந்தாலாவது ஆறியிருக்கும். இந்தக் கழுவல் இருக்கிறதே, உன் மண்கூட எனக்கு வேண்டாம் என்று சொல்வதற்குத்தானே இது. இல்லை, அப்படி எல்லாம் யோசிக்க அவர்களுக்கு ஏது புத்தி, அம்மாக்காரி துணியோடு சேர்த்து அலசிப் போட்டிருப்பாள். இல்லை, அவள்தான் சொல்லிக் கொடுத்திருப்பாள். எல்லாம் திருப்பிக் குடுத்துட்டு வா, ஒண்ணும் மிச்சம் வைக்காத என்று அந்தச் செண்பகவல்லிதான் சொல்லியிருப்பாள்.

பெயர் வந்துவிட்டது. வராமல் எத்தனை நேரம் தள்ளுவது. செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரி, அந்தப் புதுக் காலேஜின் பிசிகல் டைரக்டர், ஒரு காலத்தில் இதே அறையின் மூலையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த இவளுடைய கேப்டன். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தவளை வீடு ஏறிப் போய்ப் பேசிக் கூட்டிவந்தது யார்? அவள் எம்.பி.எட். சேர்வதற்கு சிபாரிசுக் கடிதம் எழுதினது யார்? வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. பாயட்டும், ஆனால் செலக்‌ஷனுக்கு வருகிற பிள்ளைகளிடம் அவள் ஒரிஜினலே வாங்குவதில்லையாம், ஜெராக்ஸ் போதும் என்கிறாளாம், பிடிச்சா வாங்க, பிடிக்கலைன்னா வேற எடம் பாருங்க என்கிறாளாம். என்ன திமிர். கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திருடனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற திமிர். அப்படி இருந்தும் ஒருத்தியும் போவதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அவள் சொல்லியிருப்பாள். அந்த உதட்டைக் காட்டிச் சொல்லியிருப்பாள். பதினாலு வருஷம் ஆயிற்று, யுனிவர்சிட்டி ஃபைனல், இடைவேளை நெருங்கும்போது ஒரு கோல் பின்தங்கியிருக்கையில், இந்தச் செண்பகவல்லி நடு கிரவுண்டில் பந்தை வைத்துக்கொண்டு கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஒரு அறை. அவ்வளவுதான். அடிக்காத கோச் எங்கே இருக்கிறான், அடிக்கிற கைதான் அணைக்கும். கையில் விசில் இருந்ததை இவள் கவனிக்கவில்லை. உள்ளங்கையில் சுற்றியிருந்த இரும்பு விசில், அதுதான் உதட்டைக் கிழித்தது, கை கிழிக்கவில்லை. அவள் அழவில்லை. துப்பினாள், மறுபடி துப்பினாள், ஜெர்சி கழுத்தால் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கோல் போட்டு, இன்னொன்று போட வைத்து, கப்பை வாங்கிக் கொடுத்தாள். அப்போ அந்த அடி நல்லதா கெட்டதா? சொல்லுங்கள் பார்ப்போம். கப் வந்ததா இல்லையா? அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் தையல் போட்ட உதட்டோடு அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கினபோது, இவள் தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். அதை யாரிடமாவது சொல்லியிருப்பாளா அந்த மகராசி? சால்வையைச் சொல்லமாட்டாள், உதட்டைத்தான் சொல்வாள். இவளும்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பதினாலு வருஷத்தில், ஏதாவது ஒரு கல்யாண வீட்டில், ஒரு மேட்ச் முடிந்து கை கொடுக்கிறபோது, விசில் இருந்ததை நான் பாக்கலட்டி என்று. சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று ஒரு மனம் கேட்கும், எதுக்குச் சொல்ல வேண்டும் என்று இன்னொரு மனம் கேட்கும், அதற்குள் மேட்ச் முடிந்து பஸ் வந்துவிடும்.

மணி இரண்டு. புழுக்கமாக இருந்தது. வலைக்கட்டுகளிலிருந்தும் கிழிந்த பந்துகளிலிருந்தும் ரப்பரும் வியர்வையும் கலந்த அந்த வாசம், வேறு யாருக்காவது குமட்டும், இவளுக்கு வீட்டு வாசம். இன்னும் நாலு வருஷம் சர்வீஸ். அதற்குள் இந்த அறையே இருக்குமா என்பது சந்தேகம். புது பிரின்சிபால் போன மாதம் கூப்பிட்டு, ஏ.சி.யைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, நெஞ்சு நிறைய அக்கறையோடு சொன்னாள்: “புஷ்பம், சிலம்பம் வச்சா என்ன? கிரவுண்டே வேண்டாம். இந்த வருஷமும் கப் இல்லைன்னா ஃபுட்பால் கோட்டாவை எடுத்துடலாம்னு கமிட்டியில பேசுறாங்க.” கிரவுண்டு இருக்கிற இடத்தில் பிளாக் கட்டப் போகிறார்கள், அது தெரியாதா. இருபத்தாறு வருஷம் வெயிலில் கறுத்து, தொண்டை கெட்டு, வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட சாயங்காலத்தில் காபி போட்டுக் கொடுக்காமல், கடைசியில் கம்பு சுற்றுகிறவர்களுக்கு சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றால்? ஒரு ஸ்ட்ரைக்கர் போதும். கோல் போடத் தெரிந்த ஒரே ஒருத்தி இருந்தால் மற்றதை இவள் பார்த்துக்கொள்வாள். செலக்‌ஷன் அன்றைக்கு முப்பிடாதி முதல் தடவை இடதுகாலால் பந்தைத் தொட்டபோதே இவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டின மாதிரி நின்றது பந்து. அதன் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதைப் பார்க்காமலே நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள், பெயர், உயரம், கால், யாரோடு யாரை ஆடவிடுவது. அந்தக் காலை எதிர்ப்பக்கத்து ஜெர்சியில் நினைத்துப் பார்த்தாள். ஃபைனல், கேலரியில் பிரின்சிபால், அந்தப் பக்கம் செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், இடதுகால் சுழல்கிறது. நினைக்கும்போதே வாயில் கசந்தது. முடியாது. தரமாட்டேன். சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லலாம். பீரோ சாவி கிளார்க்கிடம் இருக்கிறது, கிளார்க் லீவு என்று சொல்லலாம். எதுவுமே சொல்லாமல் இப்படியே இருக்கலாம், அதுதான் சுத்தம், பொய்யே இல்லை.

இரண்டு இருபதுக்கு யோபு மறுபடி வந்தார். “மேடம், அந்த ஐயா இன்னும் ஒக்காரவே இல்ல. பெஞ்சப் போட்டுக் குடுத்தேன். மேடம் கூப்பிடும்போது ஒக்காந்திருந்தா நல்லாருக்காதுங்காரு.” இதைக் கேட்டதும் இவளுக்குக் கோபம் வந்தது, ஏன் என்று தெரியாத கோபம். உட்கார வேண்டியதுதானே. உட்கார்ந்து, காலை நீட்டி, நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே. “அந்தப் பிள்ளைய மட்டும் வரச் சொல்லும்” என்றாள். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். சரி, கேட்டுவிடலாம். நாலைந்து வருஷமாக மாட்டிக்கொண்டு நிற்கிற கேள்வி, இந்தப் பிள்ளையிடமாவது கேட்டுத் தொலைக்கலாம். வாயைப் பிடுங்கினால் செண்பகவல்லி பெயர் வரும், அது ஒன்று கிடைத்தால் போதும், அதை வைத்துக்கொண்டு தைரியமாகத் தராமல் இருக்கலாம்.

முப்பிடாதி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றாள். ஒல்லி, எண்ணெய் வழிய இழுத்துப் பின்னின சடை, கால் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கெட்டி. மேஜைமேல் இருந்த ஸ்டட்ஸைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

“இங்க என்ன கொறச்சல்? புல்லு இல்லையா? முட்டை இல்லையா?”

“அதெல்லாம் இல்ல மேடம்.”

“நான் அடிப்பேன்னு சொன்னாளாக்கும் உங்க செண்பகவல்லி மேடம்?”

“இல்லையே. உங்ககிட்டதான் படிச்சேன்னு சொன்னாங்க. உங்களப் போல பந்து சொல்லிக்குடுக்க ஆள் இல்லன்னு சொன்னாங்க.” ஸ்டட்ஸை ஒரு தடவை பார்த்துவிட்டு, “எங்க ஸ்கூல் சாரும்தான் அடிப்பாரு மேடம். அது ஒண்ணுமில்ல.”

“பொறகு என்னட்டி?”

முப்பிடாதி கால் கட்டைவிரலால் சிமெண்டுத் தரையில் கோடு இழுத்தாள். இடதுகால்.

“சொல்லு. சொன்னாத்தான டி.சி.ய எடுக்க முடியும்.”

“செலக்‌ஷன் அன்னைக்கு நான் ஒரு கோல் போட்டேன்லா மேடம்.”

“ஆமா.”

“யாருமே வரல.”

“எங்க வரல?”

“எங்கிட்ட. கோல் போட்டா ஓடி வந்து மேல விழுவாங்கல்லா. எங்க ஊருல மிதிச்சே போட்டுருவாளுவ. இங்க ஒங்க டீம் அக்காமாரு எல்லாம் நின்ன எடத்துல நின்னு ஒங்க மூஞ்சியப் பாத்தாங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு. நீங்க நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் அவங்கவங்க எடத்துக்குத் திரும்பிப் போயிட்டாங்க.”

“அங்க?”

“அங்க செலக்‌ஷன்ல எனக்குக் கோலே விழல மேடம். அடிச்சது கம்பத்துல பட்டு வெளிய போயிட்டு. அதுக்கே வந்து தூக்கிட்டாங்க.” முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று அவள் முகத்தில் வந்து, இவளைக் கண்டதும் போய்விட்டது.

“சரி. வெளிய நில்லு” என்றாள் தங்கபுஷ்பம்.

இவ்வளவுதானா. ஒரு காலேஜை விட்டு இன்னொரு காலேஜுக்குப் போவதற்கு இது ஒரு காரணமா? போலீஸ் வேலை, ரயில்வே, ஒன்பது கப், எல்லாவற்றையும் தராசில் ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் நாலு பெட்டைகள் கத்திக்கொண்டு மேலே விழுவதா? சின்னப்பிள்ளைத்தனம். பிதற்றல். மேலே விழுந்து தூக்கினால் கப் வருமா? வருகிறதே. மூன்று வருஷமாக வருகிறதே. இவளுக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பாக முடியவில்லை. அன்றைக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினபோது பதினோரு முகங்கள் இவளைப் பார்த்து நின்றது ஞாபகம் இருக்கிறது. நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அப்போது பெருமையாகக்கூட இருந்தது, பார், என் டீம் எப்படி ஒழுங்காக நிற்கிறது என்று. பிள்ளைகள் கோல் போட்டுவிட்டுத் தன்னைப் பார்ப்பது மரியாதை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். எப்போதிலிருந்து அப்படிப் பார்க்க ஆரம்பித்தார்கள்? முதல் டீம் அப்படி இல்லை. முதல் டீம் கத்தும், உருளும், ஒருத்தி இவளையே தூக்கிச் சுற்றியிருக்கிறாள், இந்தக் கனத்தை. அதற்கப்புறம் எந்த வருஷம்? யாரை அடித்த வருஷம்? அந்த ஃபைனலில், கிழிந்த உதட்டோடு கோல் போட்டுவிட்டுச் செண்பகவல்லி எங்கே பார்த்தாள் என்று நினைவைத் தோண்டினாள். அவள் ஓடவில்லை, கையைத் தூக்கவில்லை. திரும்பி நின்று இந்தப் பக்கம் பார்த்தாள். போதுமா என்று கேட்கிற பார்வை. மற்றவர்களும் அவளோடு சேர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார்கள். இவள் கையைத் தட்டி, இன்னொன்று, இன்னொன்று போடு என்று கத்தினாள். அழுகை வரும்போல இருந்தது, அழுதால் யோபு பார்ப்பார். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள். பீரோக் கதவு வழக்கம்போல மாட்டிக்கொண்டு, முட்டியால் ஒரு இடி இடித்ததும் திறந்தது. பழுப்பு கவர். கொடுத்துவிடுவோம். கொண்டுபோய் ஆடட்டும். செண்பகவல்லிக்கு ஒரு போன்கூடப் போட்டு, பிள்ளை வருது, ஆபீஸ மூடிராத என்று சொல்லலாம், வேறு எதையும் சொல்ல வேண்டாம், அது மட்டும் சொன்னாலே அவளுக்குப் புரியும். மணி இரண்டு நாற்பத்தைந்து. இப்போது கிளம்பினால் பிடித்துவிடலாம். உடம்பு லேசாக இருந்தது. பயமாகவும் இருந்தது. கவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெயில் கண்ணில் அடித்தது. பரோட்டா மாஸ்டர் இவளைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரெண்டு எட்டு முன்னால் வந்தார். முழங்கைவரை பழைய தீச்சூட்டுத் தழும்புகள். இவள் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“மேடம், மனசுல எதுவும் வச்சுக்கிடாதீங்க. சின்னப்பிள்ள, வெவரம் பத்தாது. நீங்க இவ்வளவு நேரம் கூப்பிடாம இருக்கும்போதே எனக்கு வெளங்கிட்டு. தப்பு எங்க பேருலதான். இவ இங்கயே சேரட்டும். நாங்க அங்கெல்லாம் போவல. நீங்க பாத்து ஆளாக்கி விடுங்க, அது போதும்.” பக்கத்தில் நின்ற மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். “மேடம்கிட்ட மன்னிப்பு கேளுட்டி.”

முப்பிடாதி அப்பாவைப் பார்க்கவில்லை. தங்கபுஷ்பத்தின் கையில் இருந்த பழுப்பு கவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே எழுதியிருந்த தன் பெயரைப் படித்தாள். எதற்காக அது வெளியே வந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. நான் குடுக்கத்தான் வந்தேன். மூன்றே வார்த்தை. இவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. இடதுகால், பந்து, ஒட்டின மாதிரி. கேலரியில் பிரின்சிபால். கப். ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர். நானாகவா கேட்டேன், அவர்தானே சொல்கிறார், பெத்த தகப்பனே சொல்லும்போது நான் யார் குறுக்கே. மூன்று வார்த்தை இன்னும் அங்கேயேதான் இருந்தது. கவரை அடுத்த கைக்கு மாற்றி, சேலை முந்தானையை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள்.

“இத அப்பவே சொல்லியிருக்கலாம்லா” என்றாள். “இவ்வளவு நேரம் வெயில்ல நிக்கணுமா? போங்க, ஆபீஸ்ல போய் அப்ளிகேஷன் வாங்குங்க, நான் வந்து கையெழுத்துப் போடுதேன்.”

“ரொம்ப சந்தோஷம் மேடம்” என்று அவர் கும்பிட்டார்.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கிரவுண்டுல நிக்கணும். தெரிஞ்சுதா?”

“சரி மேடம்” என்றாள் முப்பிடாதி. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று தெரிந்துகொள்ள இவள் முகத்தைப் பார்த்தாள்.